அரியலூர், பெரம்பலூரின் பழைய கடல்: எங்கே தொடங்குவது, எதைத் தொடாமல் விடுவது?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். அரையாண்டு விடுமுறையில் குடும்பத்துடன் சென்னையிலிருந்து காரில் புறப்பட்டு, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் உள்ள புதைபடிவ நிலங்களைப் பார்த்து வரலாம் என்று எண்ணியிருக்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் பலமுறை பார்த்தாயிற்று. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகும் வழியிலேயே, பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த நிலம் கிடக்கிறது என்பதை அண்மையில்தான் ஒரு கட்டுரையின் வழியே அறிந்தேன். அதுமுதல் மனம் அங்கேயே நிற்கிறது.

எங்களில் யாரும் புவியியல் படித்தவர்கள் அல்லர். வழிகாட்டியோ நுழைவுச்சீட்டோ இல்லாத வெளியில் போய் நின்றால், எங்களைப் போன்றவர்களின் கண்ணுக்கு ஏதேனும் புலப்படுமா? சாத்தனூர் கல்மரத்தோடு திரும்பிவிட வேண்டியதுதானா, அதற்கு மேலும் பார்க்க இருக்கிறதா? சென்று வந்தவர்களும் அந்தப் பகுதியில் வாழ்பவர்களும் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கல்லும்சொல்லும்

நெடுவழி அவர்களுக்கு வணக்கம். புவியியலில் பட்டம் படித்த காலத்தில் களப்பயணமாக அந்த நிலங்களில் சுற்றியிருக்கிறேன்; பின்னரும் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் போய் வருகிறேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் முதன்மையான விடை ஒன்றுதான்: மேற்கிலிருந்து கிழக்காகச் செல்லுங்கள். எந்த இடத்தைப் பார்ப்பது என்பதைவிட எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் அங்கே முக்கியம்.

காரணத்தைச் சொல்கிறேன். கோண்டுவானா என்ற பெருநிலம் உடைந்து இந்தியா பிரிந்து நகர்ந்த காலத்தில், இன்றைய காவிரிப் படுகைப் பகுதி தாழ்ந்து, அங்கே கடல் புகுந்தது. பழமையான கருங்கல் நிலத்தின் விளிம்புவரை அந்தக் கடல் மேற்கே ஏறியது. பின்னர் பல கட்டங்களில் கிழக்கே பின்வாங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் படிந்த சேறும் மணலும் சிப்பிகளும் பாறையாக இறுகின. அந்த அடுக்குகள் கிழக்கு நோக்கிச் சற்றே சாய்ந்து கிடப்பதால், மிகப் பழைய அடுக்கு மேற்கிலும் அதைவிடப் புதியவை அடுத்தடுத்துக் கிழக்கிலும் தரைக்கு மேலே தலைகாட்டுகின்றன. ஆகவே, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக் கிழக்கே காரை ஓட்டினால், ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6 கோடி ஆண்டுகள் சொச்சம் வரைக்குமான காலத்தை ஒரே நாளில் கடந்துவிடலாம். அந்தக் காலம் முழுவதும் இவ்வளவு தொடர்ச்சியாக, இவ்வளவு எளிதில் போய்ச் சேரக்கூடிய நிலத்தில் கிடைப்பது தென்னிந்தியாவில் வேறெங்கும் இல்லை.

பாறை அடுக்குகளைப் புவியியலாளர்கள் பழமையிலிருந்து புதுமை நோக்கி ஊட்டத்தூர்ப் பிரிவு, திருச்சிப் பிரிவு, அரியலூர்ப் பிரிவு, நிண்ணியூர்ப் பிரிவு என்று வகுத்திருக்கிறார்கள். உலகின் எந்த மூலையில் கிரிடேசியக் காலத்தை, அதாவது டைனோசர்களின் கடைசிக் காலத்தை, படிப்பவருக்கும் இந்தப் பெயர்கள் தெரியும். பழங்கடலில் வாழ்ந்து அழிந்த, சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டுகளில் ஊட்டத்தூரின் பெயரைத் தாங்கிய இனமே ஒன்று உண்டு. உடாட்டூரிசெரஸ் என்று அறிவியல் நூல்களில் வழங்குகிறது. நம் ஊர்ப் பேருந்துப் பலகையில் இருக்கும் பெயர் ஐரோப்பிய ஆய்வேடுகளிலும் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது.

உங்கள் பயணத்தைக் காரை என்ற ஊரில் தொடங்குங்கள். காரை முதல் கொளக்காநத்தம் வரையிலான செம்மண்ணும் களிமண்ணுமான அரிப்பு நிலத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த இடங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அடுத்தது சாத்தனூர். பிறகு கருடமங்கலம் பக்கம் சிப்பிகள் செறிந்த சுண்ணாம்புக்கல். அதை மெருகேற்றினால் ஓடுகளின் வெட்டுமுகம் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் என்பதால், ஆங்கிலேயர் காலத்தில் அதற்குத் திருச்சிராப்பள்ளிப் பளிங்கு என்ற பெயரே இருந்தது. அதற்கும் கிழக்கே அரியலூர், கல்லங்குறிச்சி, கடைசியாகச் செந்துறைப் பக்கம்.

சாத்தனூர் மரத்தைப் பற்றி ஒரு சொல். அந்த 18 மீட்டர் நீளக் கல்மரத்தை 1940இல் கண்டறிந்து வெளியுலகுக்குச் சொன்னவர் எம். எஸ். கிருஷ்ணன்; பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் அவரே. மரத்தின் வயது 12 கோடி ஆண்டுகள் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அது கிடக்கும் பாறையைத் திருச்சிப் பிரிவில் வைப்பவர்கள் ஏறத்தாழ 9 கோடி என்பார்கள். எனக்கு இரண்டாவது கணக்கே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஆனால் வயதைவிட வியப்பானது, அது கிடக்கும் இடம். சுற்றியுள்ள பாறையில் இருப்பவை கடல் சிப்பிகள். அதாவது, அந்த மரம் அங்கே வளரவில்லை. எங்கோ மேற்கே கரையில் நின்ற ஊசியிலை வகை மரம் ஆற்று வெள்ளத்தில் சாய்ந்து, கடலில் மிதந்து, நீர் ஊறி மூழ்கிச் சேற்றில் புதைந்திருக்கிறது. மரச்சத்தின் இடத்தைச் சிலிக்கா மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டதால் மரத்தின் இழையோட்டம் கல்லில் அப்படியே நிற்கிறது. மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், கம்பி வேலியை ஒட்டிக் கொஞ்சம் நின்று, அந்த ஓடைக்கரையில் தெரியும் அடுக்குகளையும் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

பெரம்பலூரான்

மேலே எழுதியவர் வரிசையை மிகச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் காரையைப் பற்றி மட்டும், கண்ணால் பார்ப்பது எப்படி என்று எழுதுகிறேன். ஏனெனில் முதல்முறை வருபவர்கள் பலர் அங்கே காரை நிறுத்தி, இரண்டு படம் எடுத்துவிட்டு, "வெறும் பொட்டல்தானே" என்று சொல்லிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

மழை அரித்து அரித்துச் சிறு சிறு குன்றுகளாகவும் நீரோடித் தடங்களாகவும் பிரிந்த களிமண் நிலம் அது. ஓரிடத்தில் பழுப்பு, ஓரிடத்தில் சாம்பல், ஓரிடத்தில் மஞ்சள். புல் மிகக் குறைவு, ஓரங்களில் சீமைக்கருவேலம். தரையின் மேல் தோல் காய்ந்து வெடித்திருக்கும். கால் வைத்தால் நொறுங்கும். முதலில் கண்ணில் படுவது ஜிப்சம். களிமண்ணின் வெடிப்புகளில் விரல் கனத்துக்குக் கோடுகோடாக ஓடும் அந்த வெண்கல், காலை வெயிலில் கண்ணாடிச் சில்லுப்போல மின்னும். நகத்தால் கீறினாலே கோடு விழும். அந்த மென்மையைக் கொண்டு அதை அடையாளம் காணலாம்.

பிறகு குந்தி உட்காருங்கள். நின்றபடி பார்த்தால் எதுவும் தெரியாது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கண்ணை வைத்து, வெயில் எதிரிலிருந்து சாய்ந்து விழும்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரே இடத்தைக் கால் மணி நேரம் பாருங்கள். ஒரு முனை கூராகவும் மறுமுனை தட்டையாகவும், தேன் நிறத்தில் உருண்டு நீண்ட சிறு கற்கள் தென்படத் தொடங்கும். அவை பெலம்னைட்டுகள், கணவாய்க்கு உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதி. உடைந்து கிடப்பதன் வெட்டுமுகத்தைப் பார்த்தால், நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் நுண்கோடுகள் தெரியும். ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அடுத்த நிமிடமே பத்துத் தெரியும். அதுவரை அவை இருந்த இடத்தில்தான் இருந்தன. குழந்தைகளுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது என் கருத்து.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வருவது நல்லது. மழை மேல்மண்ணைக் கழுவிப் புதியவற்றை வெளிக்காட்டியிருக்கும். ஈரம் முழுதாகக் காயாத நாளில் சரிவுகளில் ஏற வேண்டாம். அந்தக் களிமண் வழுக்கும், சரிவும் உடையும். பங்குனி, சித்திரையில் வருபவர்களுக்கு ஒதுங்க நிழலே கிடையாது.

மருதையாறு

இந்த இழையைத் தொடங்கியவரின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆயினும் என் மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன். இத்தகைய இடங்களைப் பொதுவெளியில் இவ்வளவு விளக்கமாக எழுதுவது அவற்றுக்கு நன்மை செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

என் சிறு வயதில் எங்கள் ஊர் ஓடையில் நத்தை வடிவக் கற்கள் கைக்கு எட்டும் தொலைவில் கிடந்தன. இன்று அதே ஓடையில் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது. கல்லூரிக் களப்பயணம் என்று பேருந்தில் வருபவர்கள் ஆளுக்கொரு பையுடன் இறங்குகிறார்கள். காணொளி எடுப்பவர்கள், "இந்த இடத்துக்கு வந்தால் நீங்களும் எடுத்துச் செல்லலாம்" என்றே சொல்கிறார்கள். இணைய விற்பனைத் தளங்களில் அம்மோனைட்டுகளுக்கு விலை இருக்கிறது. காவலுக்கு ஆளில்லாத இடத்தின் வரைபடப் புள்ளியை வெளியிடுவது, பூட்டில்லாத வீட்டின் முகவரியை வெளியிடுவதற்கு ஒப்பானது. அதிகம் அறியப்படாத இடங்களை அறியப்படாமலே விடுவதுதான் அவற்றைக் காக்கும் வழி என்பது என் உறுதியான எண்ணம்.

நெடுவழி

மருதையாறு ஐயாவின் கவலை நியாயமானது. நான் யாருடைய ஊரையும் கெடுக்க வரவில்லை. ஆனால் வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறேன். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நினைவுக்காக ஒரே ஒரு கல்லை எடுத்துக்கொள்ளலாமா என்று இப்போதே கேட்கிறாள். தரையில் உதிர்ந்து கிடக்கும் ஆயிரத்தில் ஒன்றை எடுப்பதால் அறிவியலுக்கு என்ன இழப்பு என்று அவளுக்கு விளக்க, என்னிடம் சரியான பதில் இல்லை. மேலும், அம்மோனைட் என்பது நத்தைதானா? இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

கல்லும்சொல்லும்

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

அம்மோனைட் நத்தை அன்று. கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றின் உறவு. சுருண்ட ஓட்டின் உட்புறம் தடுப்புச் சுவர்களால் பல அறைகளாகப் பிரிந்திருக்கும். உயிர் கடைசி அறையில் மட்டும் வாழும். மற்ற அறைகளில் வளியை நிரப்பி நீரில் மிதக்கும். நத்தை ஓட்டுக்குள் இத்தகைய அறைகள் இல்லை. அம்மோனைட்டின் தடுப்புச் சுவர் ஓட்டின் உட்பக்கத்தைத் தொடும் கோடு நேராக ஓடாமல், இலை விளிம்பைப் போல நெளிந்து கிளைத்து ஓடும். மேல் ஓடு தேய்ந்த மாதிரிகளில் அந்தக் கோலம் வெளியே தெரியும். எந்த இனம் என்பதை அதைக் கொண்டே அறிஞர்கள் தீர்மானிக்கிறார்கள். வைணவ இல்லங்களில் பூசையில் இருக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமங்களும் அம்மோனைட்டுகளே. அவை இமயம் எழுவதற்கு முன் அங்கிருந்த கடலைச் சேர்ந்தவை, காரையில் கிடப்பவற்றைவிடப் பழமையானவை.

அம்மோனைட்டுக்கு ஒரு நெருங்கிய தோற்ற ஒற்றுமை உடைய உயிர் நாட்டிலஸ். அதன் தடுப்புச் சுவர்க் கோடு எளிய வளைவாக இருக்கும். அறைகளை இணைக்கும் சிறு குழல் நாட்டிலஸில் சுவரின் நடுப்பகுதியிலும் அம்மோனைட்டில் வெளி விளிம்பை ஒட்டியும் செல்லும். இந்த இரண்டு அடையாளங்களையும் உங்கள் மகளிடம் சொல்லிவிடுங்கள். அருங்காட்சியகத்தில் அவளே பிரித்துச் சொல்லிவிடுவாள்.

இப்போது கிழக்கே வாருங்கள். காரையிலும் ஊட்டத்தூரிலும் கருடமங்கலத்திலும் அரியலூரிலும் அம்மோனைட் இருக்கிறது. அரியலூர்ப் பிரிவின் உச்சியில் கடல் பின்வாங்கி, ஆறுகள் படியவைத்த கல்லமேடு மணற்கல்லில் டைனோசர் எலும்புகள் இருக்கின்றன. அதற்கும் மேலே நிண்ணியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கடல் திரும்ப வந்திருக்கிறது, நாட்டிலஸ் இருக்கிறது, அம்மோனைட் இல்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உலகெங்கும் நிகழ்ந்த பேரழிவு, நம் ஊரில் இந்த இரண்டு அடுக்குகளுக்கு இடையே கிடக்கிறது. ஒன்று முற்றிலும் அழிந்தது. அதைப் போலவே இருந்த மற்றொன்று பிழைத்து, இன்றும் பசிபிக்கின் ஆழ்நீரில் வாழ்கிறது.

இந்தக் கதையை நமக்குச் சொன்னது தனி ஒரு கல் அன்று. எந்தக் கல் எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தி. காரையில் எடுத்த அம்மோனைட்டையும் நிண்ணியூரில் எடுத்த நாட்டிலஸையும் ஒரே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டினால், அந்தப் பேரழிவு நிகழ்ந்ததற்கான சான்று அந்தப் பையிலேயே அழிந்துவிடுகிறது. அலமாரியில் அழகான இரண்டு கற்கள் இருக்கும், அவ்வளவுதான். ஆயிரத்தில் ஒன்றுதானே என்ற கேள்விக்கு என் பதில் இது: எந்த ஒன்று முக்கியமானது என்பதை எடுக்கும்போது நாம் அறிவதில்லை. பக்கத்தில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, கல்லை அதே முகம் மேலே தெரியும்படி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். கண்டுபிடித்த மகிழ்ச்சி முழுவதும் அவளுடையது. கல் அந்த அடுக்குக்கு உரியது.

சங்கராபரணி

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு ஒரு சிறு சேர்க்கை. திண்டிவனத்தில் நெடுஞ்சாலையை விட்டு மயிலம் வழியாகத் திருவக்கரைக்குப் போய்விட்டு, பிறகு விழுப்புரம் வழியே பெரம்பலூருக்குச் செல்லலாம். பௌர்ணமி இரவுகளில் வக்கிரகாளியம்மனைத் தரிசிக்கப் பெருங்கூட்டம் வரும் அந்த ஊரில், கோயிலுக்குச் சற்று அப்பால் இருக்கும் தேசியக் கல்மரப் பூங்காவில் பெரும்பாலும் வெகு சிலரையே பார்க்கிறேன்.

சாத்தனூர் மரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. திருவக்கரை மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்கிறார்கள். சாத்தனூர் மரத்தோடு ஒப்பிட்டால் மிக இளையவை. இவற்றில் ஊசியிலை மரங்களோடு, புளியமரக் குடும்பத்தைச் சேர்ந்தவை போன்ற பூக்கும் மரங்களும் உண்டு. நூற்றுக்கணக்கான தண்டுகள் கடலூர் மணற்கல்லில் படுத்தபடி கிடக்கின்றன. ஒன்றிலும் வேரோ கிளையோ இலையோ இல்லை. வெள்ளம் உருட்டி வந்து சேர்த்த மரங்கள் அவை என்பதற்கு அதுவே சான்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஒரே நாளில் திருவக்கரையையும் காரையையும் சேர்க்க முயல வேண்டாம். முதல் நாள் திருவக்கரை, இரவு பெரம்பலூர், மறுநாள் விடியலில் காரை என்று வைத்துக்கொண்டால், எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம்.

பெரம்பலூரான்

மருதையாறு அவர்கள் எங்கள் மண்ணின் மீது கொண்ட அன்பு எனக்குப் புரிகிறது. நானும் அதே மண்ணைச் சேர்ந்தவன். ஆனால் மறைத்து வைப்பதால் எந்த இடமும் காப்பாற்றப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த நிலத்தின் சுண்ணாம்புக்கல்லைப் பயணிகள் கண்டறிவதற்கு நெடுங்காலம் முன்பே சிமென்ட் தொழில் கண்டறிந்துவிட்டது. டால்மியாபுரத்தில் ஆலை தொடங்கியது 1939இல். ஊரின் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரி 1953இல் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த போராட்டம் தமிழ்நாட்டுக்கே தெரியும். அதே கல்லக்குடியின் சுண்ணாம்புக்கல், கடல் முதன்முதலில் இங்கே புகுந்த காலத்துப் பவளத்திட்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அரியலூரில் கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்கு ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். அதே ஊரின் பெயரால் அழைக்கப்படும் பாறை, கைகொள்ளாத அளவு கனத்த கிரைஃபியா சிப்பிகள் அடுக்கடுக்காகச் செறிந்தது. அதுதான் வெட்டியெடுக்கப்பட்டுச் சிமென்டாகிறது. சிமென்ட் தொழிலை நான் குறை சொல்லவில்லை. எங்கள் மாவட்டத்துக்கு அது வேலை கொடுக்கிறது. எந்த முகப்பை வெட்டலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று கேட்க ஊரில் நாலு பேராவது இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். தெரியாத ஒன்றுக்காக யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அறியாமை செய்யும் கேட்டுக்கு இன்னோர் எடுத்துக்காட்டு. செந்துறைப் பக்கம் ஓடையொன்றில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்த செய்தி 2009 அக்டோபரில் வெளிவந்தது. அந்தச் செய்தி மக்கள் மனத்தில் பதிந்திருந்தது. 2020 அக்டோபரில் குன்னம் பகுதியில் மண் எடுத்தபோது உருண்டைப் பாறைகள் வெளிப்பட்டன, டைனோசர் முட்டைகள் என்று செல்பேசிகளில் செய்தி பறந்தது, மக்கள் திரண்டார்கள். அவை கடலடிச் சேறு ஒரு கருவைச் சுற்றி இறுகி உருண்ட கற்கள்தாம் என்று வல்லுநர்கள் பிறகு விளக்கினார்கள். பள்ளியிலேயே நம் பிள்ளைகளுக்கு இந்த நிலத்தைக் கற்றுக்கொடுத்திருந்தால் அந்தக் குழப்பம் வந்திருக்காது. இன்று வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது; முதலில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு நிலத்தில் இறங்குங்கள் என்று வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

பழஞ்சுவடி

எடுத்துச் செல்வதா, விட்டுவைப்பதா என்ற விவாதம் இந்த நிலத்தில் புதியதன்று என்பதால் சற்றுப் பழைய செய்திகளைச் சொல்ல அனுமதியுங்கள்.

1840களின் தொடக்கத்தில், சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த கே, கன்லிஃப் ஆகிய இருவரும் திருச்சி, புதுச்சேரிப் பகுதிகளில் புதைபடிவங்களைச் சேகரித்து இலண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். பின்னர் பிளான்ஃபோர்ட் என்ற புவியியலாளர் இந்த நிலத்தை நடந்து அளந்து வரைபடமாக்கினார். மேலே கண்ட பிரிவுகளின் அடிப்படை அவருடையது. அவருக்குப் பின் வந்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் பிறந்து, கல்கத்தாவில் பணியாற்றிய தொல்லுயிரியலாளர். தென்னிந்தியக் கிரிடேசிய உயிர்களைப் பற்றி அவர் எழுதிய பெருந்தொகுதிகளை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். 1874இல் யார்க்கந்துக்குச் சென்று திரும்பும் வழியில், லடாக்கின் உயர்நிலத்தில் அவர் இறந்தார். லே நகரில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது. அவர்கள் எடுத்துச் சென்ற ஒவ்வொரு மாதிரிக்கும் ஊர்ப்பெயரும் பாறைக்குறிப்பும் இருக்கின்றன. ஆகவே அது சேகரிப்பு. குறிப்பில்லாமல் எடுத்துச் செல்வதை அந்தப் பெயரால் அழைக்க முடியாது.

விட்டுவைப்பது மட்டும் போதும் என்று சொல்வோருக்கு மற்றொரு செய்தி. கல்லமேட்டில் கிடைத்த பேருருவ எலும்புகளுக்கு 1980களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இந்திய ஆய்வாளர்கள் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முதலில் அதை ஊனுண்ணி என்று கருதினார்கள். பின்னர் நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி வகையில் வைத்தார்கள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்று பதிவாகியிருக்கிறது. அந்த அளவு சரியென்றால், தரையில் நடந்த மிகப்பெரிய உயிர்களில் ஒன்று அரியலூர் மாவட்டத்தில் நடந்திருக்கிறது. அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டு நைந்திருந்த அவை பொடிந்து அழிந்துவிட்டன. எஞ்சியிருப்பவை வரைபடங்களும் சில படங்களும்தாம். அதனால்தான் அந்த விலங்கின் அளவைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

ஆகவே என் நிலைப்பாடு இது. மழை வெளிக்கொணர்வதை அடுத்த மழை அழிக்கும். ஆளே போகாத இடத்தில் அப்படி அழிவது நமக்குத் தெரிவதுமில்லை. கண்ணும் பொறுமையும் உள்ள பயணி பெரிய எலும்பையோ அரிய மாதிரியையோ கண்டால், தொடாமல் படமெடுத்து, இடத்தைக் குறித்து, அருங்காட்சியகத்துக்கோ அருகிலுள்ள பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். பிளாஸ்டர் உறையிட்டு எலும்பைத் தூக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். புவிமரபிடங்களைக் காக்கத் தனிச் சட்டத்துக்கான வரைவை ஒன்றிய அரசு 2022இல் வெளியிட்டது. அது சட்டமாகும்வரை நம்மைக் கட்டுப்படுத்துவது நம் ஒழுங்குதான்.

மருதையாறு

பழஞ்சுவடி அவர்களின் பதிவை இருமுறை படித்தேன். கல்லமேட்டுச் செய்தி என் வாதத்தின் ஒரு பகுதியை வலுவிழக்கச் செய்கிறது என்பதை ஏற்கிறேன். யாருமே போகாதிருந்தால் அந்த எலும்புகளின் படம்கூட நமக்கு மிஞ்சியிருக்காது.

எனினும் ஒரு வேண்டுகோளில் உறுதியாக நிற்கிறேன். சாத்தனூர், காரை, வாரணவாசி, திருவக்கரை ஆகியவை ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட இடங்கள். அவற்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். ஓடைகள், தனியார் புன்செய் நிலங்கள், கைவிட்ட சுரங்கக் குழிகள் ஆகியவற்றின் துல்லியமான இடக்குறியீட்டை இங்கே இட வேண்டாம். அவற்றின் படங்களை இணையத்தில் ஏற்றும்போது இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். ஒருவருடைய கடலைக்காட்டுக்குள் கேட்காமல் இறங்குவது எங்கள் ஊர்களில் பெரும் மனத்தாங்கலை உண்டாக்குகிறது. வரப்பில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் யாரும் மறுப்பதில்லை, தாமே வந்து காட்டுவார்கள். இயங்கும் சுரங்கங்களுக்குள் எழுத்து வடிவ அனுமதி இல்லாமல் போக முயலவே கூடாது. கைவிடப்பட்ட குழிகளில் மழைநீர் ஆழமாகத் தேங்கி நிற்கும். குழந்தைகளோடு விளிம்புக்குப் போகாதீர்கள்.

இழை மேற்பார்வையாளர் உடன்பட்டால், இதை இப்பகுதியின் விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

நெடுவழி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. என் மகளிடம் கல்லும்சொல்லும் அவர்களின் பதிவை வாசித்துக் காட்டினேன். கல்லுக்குப் பதிலாக அளவுகோலும் குறிப்பேடும் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறாள். கிழக்கு, மேற்கு இரண்டிலும் பார்த்தவற்றை அடுக்கு வாரியாக எழுதி வைக்கப்போகிறாளாம். மருதையாறு ஐயாவின் வேண்டுகோளை முழுமையாக ஏற்கிறேன். நாங்கள் எடுக்கும் படங்களில் அறிவிக்கப்பட்ட இடங்களை மட்டுமே பெயர் சொல்லி வெளியிடுவோம்.

திட்டம் இப்போது இப்படி இருக்கிறது: ஞாயிறு காலை திருவக்கரை, இரவு பெரம்பலூர்; திங்கள் விடியலில் காரை, பிறகு சாத்தனூர், கருடமங்கலம்; செவ்வாய் வாரணவாசி, அரியலூர், செந்துறை, அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம். இதில் மாற்ற வேண்டியது ஏதேனும் உண்டா?

பெரம்பலூரான்

ஒரே ஒரு மாற்றம். வாரணவாசியைக் கடைசிக்கு வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை திருவக்கரையில் முற்பகலோடு முடித்துக்கொண்டு புறப்பட்டால், மாலைக்குள் அங்கே எட்டிவிட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் திங்கள் காரைக்குப் போகும் முன் அதற்கு நேரம் ஒதுக்குங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பெயருடன் ஒருமுறை பார்த்த வடிவத்தைத்தான் கண் தரையில் தேடிப் பிடிக்கும். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

காரைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, மூடிய காலணி. கொளக்காநத்தத்தில் தேநீர்க் கடைகள் உண்டு. மதிய உணவுக்குப் பெரம்பலூருக்கோ அரியலூருக்கோ வந்துவிடுவது நல்லது. திங்களன்று நீங்கள் இந்தப் பக்கம் இருப்பதால், சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். திங்களும் வெள்ளியும்தான் அங்கே நடை திறக்கும் வழக்கமான நாட்கள். வெயில் ஏறிய பின் காரையில் பார்ப்பதற்கு எதுவும் தெளிவாகத் தெரியாது. அந்த நேரத்தைக் கோயிலுக்கு வைத்துக்கொண்டு, வெயில் சாய்ந்த பின் சாத்தனூருக்குப் போங்கள்.